பிளஸ் டூ முடித்த வீட்டுக்கு: கல்லூரிப் பண உதவியை எந்த வரிசையில் கேட்பது

கல்லூரிச் செலவு என்றதும் பெரும்பாலான வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது வங்கிக் கடன். உதவித்தொகை ஏதாவது உண்டா என்பதைச் சேர்ந்த பிறகு விசாரித்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்துவிடுகிறார்கள். வரிசை இங்கேயே தலைகீழாகிவிடுகிறது. தமிழ்நாட்டில் இளநிலைப் படிப்புக்குக் கிடைக்கும் உதவிகளில் பெரிய தொகைகள் சேர்க்கை நாளிலேயே முடிவாகிவிடுகின்றன. சேர்ந்த பிறகு விண்ணப்பித்து வாங்குபவை நடுத்தரமானவை. எல்லாம் போக மிச்சம் நிற்கும் தொகைக்குத்தான் கடன்.

குடும்பத்தில் யாரும் இதற்கு முன் கல்லூரிக்குப் போகாத வீட்டை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கும் பயன்படும். கீழே வரும் வருமான வரம்புகளையும் தொகைகளையும் விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிக்கையோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அரசாணை ஒன்று வந்தால் எண்கள் மாறும், வரிசை மாறாது.

முதல் படி: எந்த வாசல் வழியாக இடம் வாங்குகிறீர்கள்?

பொறியியல், வேளாண்மை, சட்டம், மருத்துவம் போன்ற படிப்புகளில் அரசு ஒதுக்கீடு, நிர்வாக ஒதுக்கீடு என்று இரண்டு வாசல்கள் உண்டு. அரசு ஒதுக்கீட்டு இடங்கள் கலந்தாய்வில் நிரப்பப்படுகின்றன. நிர்வாக ஒதுக்கீட்டில் கல்லூரியே நேரடியாகச் சேர்க்கிறது. அரசின் கட்டணச் சலுகைகளில் பெரும்பாலானவை முதல் வாசலில் நுழைந்தவர்களுக்கு மட்டுமே. பிளஸ் டூ முடிவு வருவதற்கு முன்பே "இன்றைக்கே முன்பணம் கட்டினால் இடம் உறுதி" என்று தொலைபேசியில் பேசுகிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். கையெழுத்துப் போட்ட அன்றே நான்கு ஆண்டுச் சலுகை கையைவிட்டுப் போய்விடுகிறது. கலந்தாய்வு முடியும்வரை பொறுத்திருப்பதைவிட லாபமான செயல் இந்த மாதங்களில் வேறு இல்லை.

கலந்தாய்வு வழியாக வருகிறவர்களுக்கு என்னென்ன உண்டு?

முதலாவது, முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகை. 2010-11 கல்வியாண்டில் தொடங்கியது. தாத்தா பாட்டி, பெற்றோர், உடன்பிறந்தோர் எவரும் பட்டம் பெறாத குடும்பத்தில் முதலாவதாகத் தொழிற்படிப்புக்குப் போகிறவருக்கு உரியது. சாதியும் வருமானமும் இதில் பார்க்கப்படுவதில்லை. சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தில் ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரை குறையும். நான்கு ஆண்டுக்கு ஒரு லட்சம். இதைக் குடும்பத்தில் ஒருவர்தான் பெற முடியும். இரட்டையர்கள் இருக்கும் வீட்டில், யாருடைய கல்லூரியில் கட்டணம் அதிகம் என்று பார்த்து அவருக்கு எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

இரண்டாவது, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மருத்துவத்துக்கு 2020-இலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கு 2021-இலும் சட்டமாயிற்று. இது வெறும் இட ஒதுக்கீடு என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த ஒதுக்கீட்டில் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் சேர்கிறவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கும் என்று 2021-இல் அறிவிக்கப்பட்டது. கட்டணத்தையே இல்லாமலாக்கும் உதவி இது. தகுதி இருந்தால் மற்ற எதையும் யோசிப்பதற்கு முன் இதைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் கட்டண விலக்கு. ஒவ்வொரு பாடப்பிரிவிலும் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்கு மேல் 5 சதவீதம் கூடுதல் இடங்கள் இதற்கென்று இருக்கின்றன. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் போதும். கல்விக் கட்டணம் முழுவதும் விலக்கு. ஆனால் இந்த இடத்தில் சேர்ந்தவர்கள் பிறகு கல்லூரியையோ பாடப்பிரிவையோ மாற்றிக்கொள்ள முடியாது.

ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவ மதம் மாறிய ஆதிதிராவிடர் மாணவர்களுக்கு இருக்கும், பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும் சேர்க்கையின்போதே வேலைசெய்யத் தொடங்குகிறது. அது பெரியது, கீழே தனியாக வருகிறது.

இந்தச் சலுகைகளைக் கோரும் கட்டங்கள் கலந்தாய்வு விண்ணப்பத்திலேயே இருக்கும். இணைய மையத்தில் கூட்டத்துக்கு நடுவே அவசரமாகப் படிவம் நிரப்பும்போது தவறுவது இந்தக் கட்டங்கள்தான். சமர்ப்பிக்கும் முன் அச்சுப் பிரதி எடுத்து வீட்டில் உட்கார்ந்து ஒருமுறை படித்துப் பாருங்கள்.

கலை, அறிவியல் படிப்புகளுக்கு வாசல் வேறு. அரசுக் கல்லூரியில் கட்டணமே குறைவு என்பதால் பிரச்சினை சிறியது. கவனம் வேண்டியது அரசு உதவிபெறும் கல்லூரிகளில். ஒரே வளாகம், ஒரே பெயர்ப்பலகை, ஒரே பட்டம். ஆனால் காலையில் உதவிபெறும் பிரிவு, மாலையில் சுயநிதிப் பிரிவு என்று இரண்டு கல்லூரிகள் உள்ளுக்குள் இயங்கும். கட்டணம் பல மடங்கு வேறுபடும். உதவித்தொகை விதிகளும் வேறு. "பி.காம். கிடைத்துவிட்டது" என்று மகிழ்வதற்கு முன் எந்தப் பிரிவில் கிடைத்தது என்று கேளுங்கள். சென்னை, அதைச் சுற்றிய மாவட்டங்களில் இருப்பவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இலவசக் கல்வித் திட்டத்தையும் பார்க்க வேண்டும். 2010-11 முதல் நடக்கிறது. அதன் இணைப்புக் கல்லூரிகளில் ஏழை மாணவர்களுக்கு இடம் தருகிறது. ஆதரவற்றோருக்கும் கணவனை இழந்த பெண்களின் பிள்ளைகளுக்கும் முதல் தலைமுறையினருக்கும் முன்னுரிமை. பிளஸ் டூ முடிவு வந்த சில நாட்களிலேயே விண்ணப்பக் காலம் முடிந்துவிடும்.

இரண்டாம் படி: முடிவு வரும்முன் தாள்கள்

தேர்வு முடிந்து முடிவுக்காகக் காத்திருக்கும் ஏப்ரல், மே மாதங்கள் இ-சேவை மையத்துக்கு உரியவை. ஜூன் மாதத்தில் மாவட்டம் முழுவதும் அங்கே வரிசையில் நிற்கும். வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று விண்ணப்பம் மேலே நகர வேண்டும். நடுவில் யாராவது விடுப்பில் இருந்தால் அங்கேயே நிற்கும். ஒரு சான்றிதழுக்கு இ-சேவைக் கட்டணம் 60 ரூபாய். அதற்கு மேல் "செலவு" கேட்டால் கொடுக்கத் தேவையில்லை.

சாதிச் சான்றிதழை ஒருமுறை வாங்கினால் போதும். வருமானச் சான்றிதழுக்கு ஆயுள் ஓராண்டுதான். ஆகவே ஒவ்வோர் ஆண்டும் புதிது எடுக்க வேண்டியிருக்கும். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்குக் குடும்பத்தில் எல்லோருடைய கல்வி விவரத்தையும் கேட்பார்கள். கூட்டு உறுதிமொழிப் படிவம் ஒன்றும் சேர்க்க வேண்டும். இதை இழுத்தடிக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு என்பதால் எல்லாவற்றுக்கும் முன்னதாக இதற்கு விண்ணப்பியுங்கள்.

வருமானச் சான்றிதழில் என்ன தொகை எழுதப்படுகிறது என்பதைக் கையில் வாங்கும்போதே பாருங்கள். கூலி வேலை செய்கிற குடும்பத்துக்கு 3 லட்சம் என்று எழுதப்பட்டால், 2.5 லட்சம் வரம்புள்ள எல்லாத் திட்டங்களும் மூடிக்கொள்ளும். உண்மையான வருமானம் குறைவு என்றால் அதே வாரத்தில் ஆதாரத்தோடு திருத்தம் கேட்க வேண்டும். குறைத்து எழுதச் சொல்லி வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பின்னால் சரிபார்ப்பில் சிக்கினால் வாங்கிய தொகையைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

அடுத்து, பெயர். தமிழ்நாட்டு மாணவர்களின் உதவித்தொகையைத் தடுத்து நிறுத்தும் பெரிய வில்லன் இன்ஷியல்தான். மதிப்பெண் பட்டியலில் "மு. செல்வி", ஆதாரில் "செல்வி முருகன்", வங்கியில் "செல்வி மு". மனிதர்களுக்கு மூன்றும் ஒருவர். கணினிக்கு மூன்று பேர். மதிப்பெண் பட்டியலில் உள்ள பெயரை அடிப்படையாக வைத்து ஆதாரையும் வங்கிக் கணக்கையும் அதற்கு ஏற்றபடி திருத்திக்கொள்வது எளிது. மதிப்பெண் பட்டியலைத் திருத்த நினைத்தால் கல்லூரியே முடிந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து, மூலத்தை வீட்டில் வைத்திருங்கள். மூலச் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைத்துக்கொள்ளக் கூடாது, சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு அறிவுறுத்தியிருக்கிறது. வங்கிக் கடன் கேட்கப் போகும்போது அவை கையில் இருந்தால்தான் நகரும்.

மூன்றாம் படி: பணம் வந்து விழும் கணக்கு

இப்போது ஏறக்குறைய எல்லா உதவியும் மாணவரின் வங்கிக் கணக்குக்கு ஆதார் வழியாக வருகிறது. கணக்கு மாணவரின் பெயரிலேயே இருக்க வேண்டும். அப்பா அம்மாவின் கணக்கு உதவாது. வங்கியில் ஆதார் நகலைக் கொடுத்ததோடு வேலை முடிந்ததாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். வாடிக்கையாளர் விவரத்துக்காக ஆதார் கொடுப்பது ஒன்று. மானியம் வந்து சேரும் கணக்காக அதைத் தேசியக் கொடுப்பனவுக் கழகத்தின் பட்டியலில் பதிவுசெய்வது வேறொன்று. வங்கியில் "ஆதார் சீடிங்" என்று இரண்டாவதைக் கேளுங்கள். அதற்குத் தனிப் படிவம் உண்டு. பதிவாகியிருக்கிறதா என்பதை ஆதார் ஆணைய இணையதளத்தில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டு மூன்று கணக்குகள் இருந்தால் கடைசியாகப் பதிவுசெய்த கணக்குக்குத்தான் பணம் போகும். பள்ளியில் படிக்கும்போது தொடங்கிய, பாஸ்புக் எங்கே என்றே தெரியாத கணக்கில் ஆறு மாதத் தொகை விழுந்து கிடப்பது சாதாரணமாக நடக்கிறது. "எனக்கு மட்டும் வரவில்லை" என்று சொல்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

நான்காம் படி: மாநில அரசின் உதவித்தொகைகள்

கல்லூரியில் சேர்ந்ததும் யூமிஸ் (UMIS) என்ற இணையதளத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் எண் ஒன்று உருவாகும். உயர்கல்வி மாணவர்களின் விவரம் முழுவதும் அந்தத் தளத்தில்தான் இருக்கிறது. உதவித்தொகை விண்ணப்பங்களும் அதையே சார்ந்திருக்கின்றன. ஒவ்வொரு கல்லூரியிலும் இதற்கென்று நோடல் அலுவலர் ஒருவர் இருப்பார். பெரும்பாலும் பாடமும் நடத்திக்கொண்டு இதையும் பார்க்கிற ஓர் உதவிப் பேராசிரியர். அவர் பெயரையும் உட்காரும் அறையையும் முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள். மூன்று ஆண்டும் அவர் தயவு தேவைப்படும்.

ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குப் பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இதில் இரண்டு பகுதி உண்டு. ஒன்று, கல்லூரி கட்டாயமாக வாங்கும், திரும்பத் தராத கட்டணங்கள். மற்றது, படிப்புப் பராமரிப்புத் தொகை: படிப்பின் பிரிவைப் பொறுத்து ஆண்டுக்கு 2,500 முதல் 13,500 ரூபாய் வரை. தொழில்முறைப் பட்டப்படிப்பில் விடுதியில் தங்கிப் படிப்பவருக்கு 13,500. வீட்டிலிருந்து போய்வருகிறவருக்கு 7,000. ஆதிதிராவிடர்களுக்கான தொகையில் மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்று பங்கிட்டுக்கொள்கின்றன. மத்தியப் பங்கு நேராக மாணவரின் கணக்குக்கு வரும். அதில் கல்லூரிக்கு உரிய கட்டணத்தைக் கொண்டுபோய்க் கட்டும் பொறுப்பு மாணவருடையது. வீட்டு அவசரத்துக்கு அதை எடுத்துச் செலவழித்துவிட்டு, தேர்வு நேரத்தில் ஹால் டிக்கெட் கிடைக்காமல் தவிக்கும் பிள்ளைகளை ஒவ்வொரு கல்லூரியிலும் பார்க்கலாம். பணம் வந்த அன்றே கட்டி ரசீது வாங்கிவிடுங்கள்.

இந்த உதவித்தொகைக்குத் தகுதியுள்ளவர்கள் சேர்க்கையின்போது கட்டணத்தை முன்கூட்டியே கட்டாமல் சேர்வதற்கும் விதிகளில் இடமிருக்கிறது. "முதலில் கட்டுங்கள், பணம் வந்ததும் திருப்பித் தருகிறோம்" என்று ஒரு கல்லூரி சொன்னால், மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்துக்கு எழுத்து மூலம் புகார் அனுப்புங்கள். புகார் போகிறது என்று தெரிந்ததும் பல நேரம் குரல் இறங்கிவிடும்.

பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர் மாணவர்களுக்கு விதி வேறு. அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளில் மூன்றாண்டு இளநிலைப் பட்டம் படித்தால் வருமான வரம்பு இல்லாமலேயே இலவசக் கல்வித் திட்டத்தில் உதவித்தொகை உண்டு. முதுநிலை, பாலிடெக்னிக், தொழிற்படிப்புகளுக்குக் குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஐ.ஐ.டி., என்.ஐ.டி., மத்தியப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் இடம் பிடித்த இந்த வகுப்பு மாணவர்களுக்கு, அதே வருமான வரம்பில் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை மாநில அரசு தருகிறது. இது தெரியாமலேயே நான்கு ஆண்டுகளை ஓட்டிவிடுகிறார்கள். காரணம், அந்த நிறுவனங்களின் அலுவலகங்களுக்குத் தமிழ்நாட்டு அரசாணைகள் பழக்கமில்லை. நீங்கள்தான் தேடிக் கேட்க வேண்டும்.

மாதம் 1,000 ரூபாய்த் திட்டங்கள் தனி வகை. மாணவியருக்கான புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. ஆறு முதல் பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கும், அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உரியவை. கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் எட்டாம் வகுப்புவரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்த மாணவியருக்கும் புதுமைப் பெண் திட்டத்தில் இடம் உண்டு. வருமான வரம்பு இல்லை. முதல் பட்டம் அல்லது பட்டயம் முடியும்வரை கிடைக்கும்; முதுநிலைக்குக் கிடையாது. வேறு உதவித்தொகை வாங்கிக்கொண்டிருந்தாலும் இதைச் சேர்த்து வாங்கலாம் என்பது இதன் பெரிய வசதி. மாதம் ஆயிரம் என்றால் சிறிதாகத் தோன்றலாம். புறநகரில் அறையெடுத்துத் தங்கியிருக்கும் பெண்ணுக்கு, வீட்டில் கேட்காமல் புத்தகமும் நாப்கினும் வாங்க முடிகிற பணம் அது.

ஐந்தாம் படி: மத்திய அரசின் திட்டங்கள்

இவை தேசிய உதவித்தொகைத் தளம் ஒன்றில் சேர்ந்திருக்கின்றன. முதலில் ஒருமுறைப் பதிவு செய்து எண் வாங்க வேண்டும். முகத்தைக் காட்டிச் சரிபார்க்கும் செயலி ஒன்றும் இருக்கிறது. விண்ணப்பித்துவிட்டு அப்படியே விட்டுவிடாதீர்கள். கல்லூரி அதைச் சரிபார்த்து மேலே அனுப்பினால்தான் அது விண்ணப்பம். அதுவரை வெறும் பதிவு.

பொதுவான மாணவருக்குப் பொருந்துவது, மத்தியத் துறை உதவித்தொகை. பிளஸ் டூவில் தன் வாரியத்தின் முதல் 20 சதமானத்துக்குள் மதிப்பெண் பெற்றவர், குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் உள்ளவர் விண்ணப்பிக்கலாம். நாடு முழுவதும் ஆண்டுக்கு 82,000 புதிய உதவித்தொகைகள், பாதி மாணவியருக்கு. இளநிலைக்கு ஆண்டுக்கு 12,000, முதுநிலைக்கு 20,000 ரூபாய். ஆண்டுதோறும் 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் இருந்தால்தான் தொடரும். வேறு உதவித்தொகை வாங்குகிறவர் இதை வாங்க முடியாது என்பதால் எது பெரிது என்று கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுங்கள்.

தொழில்நுட்பப் படிப்பில் இருக்கும் பெண்களுக்குப் பிரகதி உதவித்தொகை: ஆண்டுக்கு 50,000 ரூபாய், குடும்ப வருமானம் 8 லட்சம் வரை, ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை. 40 சதவீதமோ அதற்கு மேலோ மாற்றுத்திறன் உள்ளவர்களுக்குச் சக்ஷம், பெற்றோரை இழந்தவர்கள் முதலியோருக்கு ஸ்வநாத். தொகை இவற்றிலும் 50,000 ரூபாய்தான். பிரகதிக்கும் சக்ஷமுக்கும் முதலாண்டிலோ, நேரடி இரண்டாமாண்டுச் சேர்க்கையிலோ விண்ணப்பிக்க வேண்டும். முதல் ஆண்டைத் தவறவிட்டு மூன்றாம் ஆண்டில் இந்த இரண்டையும் கேட்டுப் பயனில்லை.

ஆறாம் படி: அப்பா அம்மாவின் வேலை வழியாக வருவது

வழிகாட்டிகள் பெரும்பாலும் தொடாத பகுதி இது. எனக்கு இதில் தனிப் பிடிப்பு உண்டு, ஏனென்றால் போட்டி மிகக் குறைவு. தகுதியுள்ளவர்களில் பலருக்குத் தாங்கள் தகுதியுள்ளவர்கள் என்பதே தெரியாது.

கொத்தனார், சித்தாள், எலக்ட்ரீசியன், பெயின்டர் என்று கட்டடத் தொழில் செய்கிறவர்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவுசெய்திருந்தால், பிள்ளைகளின் படிப்புக்கு ஆண்டுதோறும் கல்வி உதவி உண்டு. ஆட்டோ ஓட்டுநர், தையல் தொழிலாளர், வீட்டுவேலை செய்கிறவர், சலவைத் தொழிலாளர் போன்றோருக்கு அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியங்கள். சிறு விவசாயிகளுக்கும் விவசாயக் கூலிகளுக்கும் உழவர் பாதுகாப்புத் திட்டம். பதிவு நடப்பில் இருக்க வேண்டும், புதுப்பிக்காமல் காலாவதியாகியிருக்கக் கூடாது. பிள்ளை பத்தாம் வகுப்புக்கு வரும்போதே அட்டையை எடுத்துத் தேதியைப் பாருங்கள். பதிவே இல்லையென்றால் இப்போது பதிவுசெய்யுங்கள், செலவில்லாத வேலை.

பீடி சுற்றும் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் உதவித்தொகை இருக்கிறது. தொழிற்படிப்புக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரை. வேலூர், திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்து வீடுகளில் அம்மாவின் பீடி அடையாள அட்டை பெட்டியின் அடியில் கிடக்கும். அதை எடுத்து வெளியே வையுங்கள். தேசிய உதவித்தொகைத் தளத்திலேயே விண்ணப்பிக்கலாம். முன்னாள் படைவீரர்களின் பிள்ளைகளுக்குப் பிரதமரின் உதவித்தொகைத் திட்டத்தில் மாணவியருக்கு மாதம் 3,000, மாணவர்களுக்கு 2,500 ரூபாய்.

அப்பா ஒரு மில்லிலோ கடையிலோ தொழிற்சாலையிலோ மாதச் சம்பளத்துக்கு வேலைபார்க்கிறாரா? ஆண்டுக்கு ஒருமுறை தொழிலாளர் நல நிதிக்கென்று ஒரு சிறு தொகை சம்பளத்தில் பிடிக்கப்பட்டிருக்கும். அந்த நிதியை வைத்திருக்கும் தமிழ்நாடு தொழிலாளர் நல வாரியமும் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி தருகிறது. பிடித்தம் செய்யப்பட்டவர்களுக்கு இது தானம் இல்லை. அவர்கள் கட்டிய காசு.

ஏழாம் படி: அறக்கட்டளைகள், கல்லூரியின் சொந்தச் சலுகைகள்

அகரம் போன்ற அறக்கட்டளைகள் மிக வறிய வீட்டுப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துப் படிப்பு முழுவதையும் பார்த்துக்கொள்கின்றன. அவர்கள் வீட்டுக்கு வந்து நிலைமையைப் பார்ப்பார்கள். உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும். ரிலையன்ஸ் அறக்கட்டளை ஆண்டுக்கு 5,000 இளநிலை மாணவர்களை நுழைவுத் தேர்வு வைத்து எடுக்கிறது. படிப்புக் காலம் முழுவதற்கும் சேர்த்து 2 லட்சம் ரூபாய் வரை. சாதிச் சங்கங்கள், சமய அமைப்புகள், ஊர்க்காரர்கள் நடத்தும் சிறிய அறக்கட்டளைகள் எந்தத் தளத்திலும் பட்டியலிடப்பட்டிருக்காது. பள்ளித் தலைமையாசிரியருக்குத் தெரிந்திருக்கும். மாற்றுச் சான்றிதழ் வாங்கப் போகும் நாளில் கேட்டுவிடுங்கள்.

கல்லூரிகள் விளம்பரப்படுத்தும் "மதிப்பெண் அடிப்படையில் 50 சதவீத ஸ்காலர்ஷிப்" விஷயத்தில் மட்டும் சந்தேகத்தோடு இருங்கள். எதில் 50 சதவீதம், முதல் ஆண்டுக்கு மட்டுமா நான்கு ஆண்டுக்குமா, ஒரு பாடத்தில் தோற்றால் என்ன ஆகும் என்ற மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய் வார்த்தையாகச் சொன்ன சலுகை இரண்டாம் ஆண்டில் காணாமல் போய்விடும்.

எந்த உண்மையான உதவித்தொகைக்கும் விண்ணப்பக் கட்டணமோ பரிசீலனைக் கட்டணமோ கிடையாது. உங்கள் உதவித்தொகை அனுமதிக்கப்பட்டுவிட்டது, ஓ.டி.பி. சொல்லுங்கள் என்று அழைப்பு வந்தால் பேச்சைத் தொடராமல் இணைப்பைத் துண்டியுங்கள்.

எட்டாம் படி: செலவைக் குறைப்பதும் உதவிதான்

பல வீடுகளுக்குக் கல்விக் கட்டணத்தைவிடத் தங்கும் செலவும் பஸ் செலவும்தான் கடிக்கின்றன. பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் நலத் துறைகள் கல்லூரி மாணவர் விடுதிகளை நடத்துகின்றன; 2025 ஜூலையிலிருந்து இவற்றுக்குச் சமூகநீதி விடுதிகள் என்று பெயர். உணவும் தங்குமிடமும் இலவசம். பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளில் சேர வீட்டிலிருந்து கல்லூரி 8 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும் என்ற விதி மாணவியருக்குப் பொருந்தாது. எல்லா விடுதியும் ஒரே தரத்தில் இருப்பதில்லை. சேர்வதற்கு முன் நேரில் போய்க் கழிப்பறையைப் பாருங்கள், அங்கிருக்கும் மாணவர்களிடம் இரவுச் சாப்பாடு எப்படி என்று கேளுங்கள். பெண்களுக்கு நகரச் சாதாரணக் கட்டணப் பஸ்களில் பயணம் இலவசம் என்பதால், அறை எடுக்கும்போது அந்தப் பஸ் போகும் தடத்தில் பாருங்கள்.

ஒன்பதாம் படி: இப்போது கடன்

மேலே சொன்னவை எல்லாம் போக எவ்வளவு குறைகிறது என்று தாளில் எழுதுங்கள். அந்தத் தொகைக்கு மட்டும் கடன் கேளுங்கள். கிடைக்கிறது என்பதற்காக அதிகம் வாங்க வேண்டாம்.

4 லட்சம் வரையான கல்விக் கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது. கையிலிருந்து பங்குத் தொகையும் போட வேண்டியதில்லை. 7.5 லட்சம் வரை மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதி இருப்பதால் பிணையோ மூன்றாம் நபர் ஜாமீனோ இல்லாமல் தரலாம். அதற்கு மேல் போனால் வீடு, நிலம் என்று கேட்பார்கள். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பி.எம். வித்யாலட்சுமித் திட்டத்தில், தேசியத் தரவரிசையின் அடிப்படையில் தேர்ந்தெடுத்த கல்வி நிறுவனங்களில் (தொடக்கத்தில் 860) தகுதி அடிப்படையில் சேர்ந்தவர்களுக்குப் பிணையே இல்லை. விண்ணப்பம் இணையம் வழியாகத்தான். உங்கள் கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

வட்டி எப்படி ஏறும் என்பதை ஒரு கணக்கில் காட்டுகிறேன். நான்காண்டுப் படிப்புக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் 4 லட்சம், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிப்புக் காலத்திலும் அதற்குப் பின் ஓராண்டிலும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் தனிவட்டி ஓடிக்கொண்டிருக்கும். முதல் லட்சத்துக்கு ஐந்து ஆண்டு வட்டி 50,000, இரண்டாவதற்கு 40,000, மூன்றாவதற்கு 30,000, நான்காவதற்கு 20,000. தவணை தொடங்கும் நாளில் கடன் 5 லட்சத்து 40 ஆயிரம். படிக்கும் காலத்திலேயே மாதாமாதம் வட்டியை மட்டும் கட்டிவந்தால் இந்த ஏற்றம் இருக்காது. அப்படிக் கட்டுகிறவர்களுக்கு வட்டியில் 1 சதவீதம் வரை சலுகை தரவும் விதியில் இடமுண்டு.

குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் தொழில்முறைப் படிப்பு என்றால், அந்த 1 லட்சத்து 40 ஆயிரத்தை மத்திய அரசின் வட்டி மானியத் திட்டமே ஏற்கும். 8 லட்சம் வரை வருமானமுள்ளவர்களுக்கு வித்யாலட்சுமித் திட்டத்தில் 10 லட்சம் வரையான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை இருக்கிறது. ஆனால் வேறு அரசு உதவித்தொகையோ வட்டிச் சலுகையோ பெறுகிறவருக்கு இது கிடையாது. மானியம் தானாக வராது. வருமானச் சான்றிதழை வங்கியில் கொடுத்துக் கோர வேண்டும். கோரிக்கை ஏற்றப்பட்டதா என்று ஒவ்வோர் ஆண்டும் விசாரிக்க வேண்டும்.

கிளை மேலாளர் "எங்கள் கிளையில் கல்விக் கடன் இல்லை", "உங்கள் பகுதி எங்கள் எல்லைக்குள் வராது" என்று வாயால் சொல்லி அனுப்பினால் அதோடு திரும்பி வந்துவிடாதீர்கள். இணையத்தில் விண்ணப்பித்து எண் வாங்கிவிட்டால், மறுப்பதற்குக் காரணம் எழுத வேண்டும். மேல் அலுவலகத்தின் ஒப்புதலும் வேண்டும். அதன் பிறகு மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடம் போகலாம். ஆட்சியர் அலுவலகங்களில் நடக்கும் கல்விக் கடன் முகாம்களுக்கும் போகலாம், அங்கே எல்லா வங்கிகளும் ஒரே கூரையின்கீழ் இருக்கும். வங்கிக்கு எழுதிய புகாருக்கு 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு இலவசமாக முறையிடலாம்.

தங்க நகைக் கடன், கந்துவட்டி, இணையச் செயலிக் கடன் எதையும் கல்லூரிக் கட்டணத்துக்குத் தொடாதீர்கள். கடைசித் தேதி நெருக்கினால் கல்லூரி முதல்வரிடம் இரண்டு வாரம் அவகாசம் கேட்டுக் கடிதம் கொடுங்கள். கடன் விண்ணப்ப எண்ணைக் காட்டினால் பெரும்பாலானவர்கள் தருவார்கள்.

ஒவ்வோர் ஆண்டும்

முதல் ஆண்டில் வந்த உதவி இரண்டாம் ஆண்டில் நின்றுபோவதற்கு வழக்கமான காரணம் புதுப்பிக்காததுதான். ஜூன் மாதத்தில் புது வருமானச் சான்றிதழ், சேர்ந்ததும் அந்தக் கல்லூரியில் படிக்கிறார் என்று கல்லூரி தரும் போனஃபைடு சான்றிதழ், முந்தைய பருவ மதிப்பெண், வங்கிக் கணக்கு இயங்குகிறதா என்ற சரிபார்ப்பு; இந்த நான்கையும் முடித்துவிட்டு யூமிஸ், தேசியத் தளம் இரண்டிலும் புதுப்பித்தல் விண்ணப்பத்தைத் தேடிச் சமர்ப்பியுங்கள். கைப்பேசி எண்ணை மாற்றினால் ஆதாரிலும் வங்கியிலும் தளங்களிலும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் ஓ.டி.பி. பழைய எண்ணுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

எங்கே தங்கியிருக்கிறது என்றே தெரியாமல் மாதக்கணக்கில் நின்றால், கல்லூரி நோடல் அலுவலர், மாவட்ட நல அலுவலகம் என்ற வரிசையில் கேளுங்கள். அங்கும் பதில் இல்லையென்றால் முதல்வரின் உதவி மைய எண் 1100-இல் புகார் பதிவுசெய்யலாம், அல்லது திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுக்கலாம். மனுவோடு விண்ணப்ப எண், யூமிஸ் எண், வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம், ஆதார் சீடிங் நிலையைக் காட்டும் அச்சுப் பிரதி நான்கையும் இணைத்துவிடுங்கள். இவை இல்லாத மனு, இவற்றைக் கேட்டே உங்களிடம் திரும்பி வரும்.